ஆள மாத்துறதுக்கு முன்னாடி ஆறு கட்டத்த பாருங்க

மதுரையில சின்னதா தொழில் பண்றவங்ககிட்ட, கப்பலூர் எஸ்டேட்டா இருக்கட்டும் கீழமாசி வீதி மொத்தக் கடையா இருக்கட்டும், "தொழில் எப்படிண்ணே போகுது"ன்னு கேட்டா முக்காவாசிப் பேரு சொல்ற பதில் ஒண்ணுதான், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஆளுகதான் சரியில்ல". சரியில்லாத ஆள நிப்பாட்டிட்டு புது ஆள போடுவாங்க, ஆறு மாசத்துல அவரும் சரியில்லாம போயிருவாரு. ஒரே எடத்துல யாரு வந்து நின்னாலும் கெட்டுப்போறாங்கன்னா கோளாறு ஆளுகிட்டயா எடத்துலயான்னு ஒரு தடவயாச்சும் பாக்கணும்ல. அத பாக்குறதுக்கு ஒரு முறை இருக்கு, காசு செலவில்ல, ஒரு சார்ட் பேப்பரும் ரெண்டு கலர் பேனாவும் போதும், கொஞ்சம் பொறுமை வேணும் அம்புட்டுத்தான்.

அதுக்கு பேரு சிக்ஸ் பாக்ஸ் மாடல். மார்வின் வைஸ்போர்ட்னு ஒரு அமெரிக்கக்காரர் 1976ல எழுதுனது. இவரு வெறும் காலேஜ் ஆளு இல்ல, 1960கள்ல குடும்பத்தோட அச்சுக் கம்பெனிய, பிசினஸ் ஃபாரம் அடிக்கிற கம்பெனிய, நடத்திக்கிட்டு இருந்தவரு, அங்கயே தொழிலாளிகள குழு குழுவா பிரிச்சு வேலைய அவங்களே பாத்துக்கிற மாதிரி செஞ்சு பாத்தவரு, அதனாலதான் பெரிய கம்பெனி கன்சல்டன்ட் போடுற பவர்பாயின்ட் மாதிரி இல்லாம இது நம்ம கடைக்கும் ஒத்து வருது. மெக்கின்சிங்கிற பெரிய கன்சல்டன்ட் கம்பெனிக்காரங்களோட செவன் எஸ்னு இன்னொரு மாடல் ரொம்ப ஃபேமஸ், அதுவும் நல்லதுதான், ஆனா பதினஞ்சு பேரு வேலை பாக்குற எடத்துல 'ஸ்ட்ராட்டஜி, ஷேர்டு வேல்யூஸ்'னு ஆரம்பிச்சா ஓனரே எந்திரிச்சு போயிருவாரு.

ஜாதகத்துக்குத்தான் கட்டம் போட்டு பாப்போம், இங்க தொழிலுக்கு ஆறு கட்டம்: நோக்கம், அமைப்பு, உறவு, பலன், கை குடுக்குற ஏற்பாடு, தலைமை. தலைமைய நடுவுல போட்டுட்டு மத்த அஞ்சையும் சுத்தி போடணும். எல்லாத்தையும் சேத்து வெளிய ஒரு பெரிய வட்டம், அது சுற்றுச்சூழல், அதாவது மார்க்கெட்டு, மழை, கவர்மென்ட்டு, போட்டிக் கடை, நம்ம கையில இல்லாத எல்லாம்.

இதுல முக்கியமான விஷயம் கட்டம் இல்ல, ஒவ்வொரு கட்டத்தையும் ரெண்டு தடவ பாக்கணும்ங்கிறதுதான். ஒண்ணு, சொல்லி வச்சிருக்கிறது. ரெண்டு, நிசமா நடக்குறது. வைஸ்போர்ட் இத ஃபார்மல், இன்ஃபார்மல்னு பிரிக்கிறாரு. ரெண்டுக்கும் நடுவுல எங்க இடைவெளி பெருசா இருக்கோ அங்கதான் நோண்டணும். நம்ம யூனிட்ல எதுவுமே எழுதி வச்சிருக்க மாட்டோம், பரவால்ல, ஓனர் வாயால என்ன சொல்றாரோ அதயே 'சொல்றது'ன்னு எடுத்துக்கங்க.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடுறேன். போட்ட காசுக்கு கீழ வித்துக்கிட்டு இருந்தீங்கன்னா இந்த ஆறு கட்டமும் ஒண்ணும் பண்ணாது. உளுந்து, கூலி, கரண்டு, வாடகை, வட்டி, திரும்பி வந்த சரக்கு எல்லாத்தையும் சேத்து ஒரு பாக்கெட்டுக்கு அடக்க விலை என்னன்னு மொதல்ல போட்டுப் பாருங்க, உங்க கணக்குப்புள்ளயோ ஆடிட்டர் ஆபீஸ்லயோ ஒரு சாயங்காலத்துல போட்டுக் குடுத்துருவாங்க. அது சரியா இருந்து, அப்பவும் தொழில் எங்கயோ ஓட்டையாகுதுன்னா மேல படிங்க.

எல்லாத்துக்கும் ஒரே உதாரணம் வச்சுக்குவோம், அப்பத்தான் புரியும். வில்லாபுரம் பக்கம் ஒரு அப்பள யூனிட்டுன்னு நெனச்சுக்கங்க, கற்பனைதான், ஆனா மதுரையில அப்பளத் தொழில் தெரிஞ்ச யாரும் இத பாத்திருப்பீங்க. பதினாலு பேரு. மாவு பிசைய, மெஷின்ல போட ரெண்டு ஆம்பளைங்க, காய வைக்க, எண்ணி அடுக்க, பாக்கெட் போட பத்து பொம்பளைங்க, அதுல ஒரு சீனியர் அக்கா எல்லாரையும் பாத்துக்கிறவங்க. வேன்ல லைனுக்கு போற ஒரு தம்பி. ஆர்டர் எடுக்குறது ஓனரோட மச்சான், அவரோட பதினாலு. கல்லாவுல ஓனர், சாயங்காலம் அவரு சம்சாரம். பிரச்சனை என்னன்னா கடையிலருந்து உடைஞ்ச அப்பளம் மூட்டை மூட்டையா ரிட்டர்ன் வருது. ஓனர் சொல்றது: "வேன் ஓட்டுற பய தூக்கி எறியுறான்". ஏற்கனவே ஒரு டிரைவர மாத்தியாச்சு. ரிட்டர்ன் குறையல.

முதல் வேலை: ஒரே ஒரு சரக்க பிடிங்க

'தொழில மொத்தமா சரி பண்ணணும்'னு உக்காந்தா எந்திரிக்க மாட்டீங்க. வெளிய போற சரக்கு ஒண்ண எடுத்துக்கங்க, அது அப்பள பாக்கெட்டா இருக்கலாம், தச்ச பிளவுஸா இருக்கலாம், சர்வீஸ் பண்ணி விட்ட பைக்கா இருக்கலாம். அந்த ஒண்ணுக்கு ரெண்டு கேள்வி. வாங்குறவருக்கு திருப்தியா? செய்யிறவங்களுக்கு திருப்தியா? நம்மாளுக ரெண்டாவது கேள்விய கேக்கவே மாட்டாங்க, ஆனா வைஸ்போர்ட் ரெண்டையும் சேத்துத்தான் கேக்க சொல்றாரு, ஏன்னா செய்யிறவங்களே "இத நான் எங்க வீட்டுக்கு வாங்க மாட்டேன்"னு சொன்னா பதில் அங்கயே கெடச்சிருச்சு.

நம்ம யூனிட்ல பிடிச்சது: நூறு அப்பளம் இருக்குற பெரிய பாக்கெட்டு, உடைஞ்சு திரும்பி வர்றது. இத மட்டும்தான் இந்த ரவுண்டு முழுக்க தொரத்தப் போறோம். சின்ன பாக்கெட்டு, வடாம், மோர் மிளகா எல்லாம் இப்ப வேணாம்.

ரெண்டாவது வேலை: தகவல் எடுக்குறது

நாலு வழி இருக்கு. கண்ணால பாக்குறது, இருக்குற பில் நோட்ட பொரட்டுறது, ஆளுககிட்ட பேசுறது, கேள்வித்தாள் குடுக்குறது. கடைசி வழிக்கு ஆயத்தமாவே கேள்வித்தாள் ஒண்ணு இருக்கு, 1980ல பிரெசியோசின்னு ஒருத்தர் இதே ஆறு கட்டத்த வச்சு 35 கேள்வியா போட்டு, ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணுலருந்து ஏழு வரைக்கும் மார்க் போடுற மாதிரி பண்ணாரு, கூடவே ஏழாவதா 'மாற்றத்த பத்தி ஆளுக என்ன நெனைக்கிறாங்க'ன்னு ஒரு தலைப்பையும் சேத்தாரு. அம்பது நூறு பேரு இருக்குற மில்லுக்கு அது சரி. பதினாலு பேரு இருக்குற எடத்துல அத குடுத்தீங்கன்னா எல்லாரும் எல்லாத்துக்கும் நல்ல மார்க்கா போட்டுக் குடுத்துருவாங்க, யாரு எழுதுனதுன்னு கையெழுத்தப் பாத்தே ஓனர் கண்டுபிடிச்சிருவாருன்னு அவங்களுக்குத் தெரியாதா என்ன.

அதனால பேசுங்க. ஆனா ஓனர் நேரா கூப்புட்டு கல்லாவுக்கு முன்னாடி நிக்க வச்சு "என்னம்மா பிரச்சனை, தைரியமா சொல்லு"ன்னா ஒருத்தரும் சொல்ல மாட்டாங்க. "ஒண்ணும் இல்ல மொதலாளி, நல்லாத்தான் போகுது", அம்புட்டுத்தான் வரும். வேற யாராவது கேக்கணும், காலேஜ் படிக்கிற மகளோ, கணக்கு எழுத வர்ற தம்பியோ, அவங்களும் வேலை நேரத்துல தனியா கூப்புடாம சாப்பாட்டு நேரத்துல போயி உக்காந்து கேக்கணும். கூலிக்கு கிலோ கணக்கு, பாக்கெட் கணக்குன்னு இருக்குறவங்கள வேலை நேரத்துல அரை மணி நேரம் பேச வச்சா அந்த நேரத்துக்கு காசு குடுத்துருங்க, இல்லாட்டி உங்க ஆராய்ச்சிக்கு அவங்க செலவு பண்ற மாதிரி ஆயிரும். யாரு சொன்னாங்கன்னு எழுதக் கூடாது, என்ன சொன்னாங்கங்கிறத மட்டும் எழுதணும், இத மொதல்லயே அவங்ககிட்ட சொல்லிருங்க, சொன்னபடி நடந்துக்கங்க.

பேசுறதுக்கு முன்னாடி ஒரு நாள் முழுக்க சும்மா உக்காந்து பாக்குறது ரொம்ப நல்லது. வாய தொறக்காம. இது ஓனர்களுக்கு ரொம்ப கஷ்டம், தெரியும்.

இப்ப கட்டம் கட்டமா

நோக்கம். இங்க பாக்க வேண்டியது ரெண்டே விஷயம், என்ன செய்யப் போறோம்னு எல்லாருக்கும் தெரியுதா, தெரிஞ்சத ஒத்துக்கிறாங்களா. நம்ம ஓனர் சொல்றது "நமக்கு குவாலிட்டிதான் முக்கியம்". சரி. ஆனா தெனமும் சாயங்காலம் அவரு கேக்குற ஒரே கேள்வி என்ன? "இன்னிக்கு எத்தன பாக்கெட் போச்சு?" ஒருநாளாவது "எத்தன உடைஞ்சுச்சு"ன்னு கேட்டிருக்காரா? ஆளுக வாயால சொல்றத கேக்க மாட்டாங்க, தெனமும் எத கேக்குறீங்களோ அதத்தான் நோக்கம்னு எடுத்துக்குவாங்க. உங்க கடையில இத சோதிக்க சுலபமான வழி, மூணு பேர்கிட்ட தனித்தனியா "இங்க நல்ல நாள்னா என்ன"ன்னு கேளுங்க, மூணு பதிலும் மூணு தெசைக்கு போச்சுன்னா இந்த கட்டத்துல ஒரு புள்ளி வைங்க.

அமைப்பு. யாருக்கு என்ன வேலை, யாரு யாருக்கு பதில் சொல்லணும். சொல்றது: காய வைக்கிறதும் பேக்கிங்கும் சீனியர் அக்கா பொறுப்பு. நடக்குறது: மச்சான் ஃபோன்ல ஆர்டர் எடுத்துட்டு நேரா பேக்கிங் பொம்பளைங்ககிட்ட வந்து "இன்னிக்கு ராத்திரிக்குள்ள இருநூறு பாக்கெட், தேனி லைனுக்கு"ன்னு சொல்லிட்டு போயிருவாரு. அக்கா "இன்னும் பதம் வரல"ன்னு சொல்ற நேரத்துக்கு பாதி பாக்கெட் போட்டாச்சு. தெரியாதவங்களுக்கு: அப்பளம் சரியா காயாம பாக்கெட்டுக்குள்ள போனா பூஞ்சை பிடிக்கும், ரொம்ப காஞ்சு போச்சுன்னா தொட்டாலே நொறுங்கும், நடுவுல இருக்குற அந்த பதம்தான் மொத்த தொழிலும். அந்த பதத்த பாத்து 'போடு'ன்னு சொல்ற அதிகாரம் யாருகிட்ட இருக்குன்னு கேட்டா ஆளுக்கு ஒரு பேரு சொல்றாங்க. குடும்பத்தொழில்ல இது ரொம்ப சகஜம், ஓனர், சம்சாரம், மச்சான், பழைய ஆளுன்னு நாலு பேரும் எல்லாருக்கும் வேலை சொல்லலாம், ஆனா தப்பா போனா பதில் சொல்ல ஒருத்தரும் இருக்க மாட்டாங்க.

உறவு. இத 'எல்லாரும் பிரியமா இருக்காங்களா'ன்னு எடுத்துக்காதீங்க. மூணு விதமான உறவ பாக்கணும்: ஆளுக்கும் ஆளுக்கும், பிரிவுக்கும் பிரிவுக்கும், ஆளுக்கும் அவரு பாக்குற வேலை, மெஷினுக்கும். ஒவ்வொண்ணுலயும் ரெண்டு கேள்வி, இவங்களுக்கு ஒருத்தர ஒருத்தர் எம்புட்டு தேவை, இப்ப எப்படி போகுது. தேவை அதிகம், போக்கு மோசம், அங்க உடனே கை வைக்கணும். தேவையே இல்லாத ரெண்டு பேரு பேசிக்கலன்னா விட்டுருங்க, மாவு பிசையிற அண்ணனும் வேன் தம்பியும் மொறச்சுக்கிட்டா அப்பளத்துக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா சீனியர் அக்காவுக்கும் மச்சானுக்கும் நடுவுல பேச்சே இல்லங்கிறதுதான் இங்க பெரிய விஷயம், போன தீபாவளிக்கு ஏதோ வாய்த் தகராறு, ஓனரு "சரி விடுக்கா, அவன் சின்னப் பய"ன்னு மெழுகி விட்டுட்டாரு. சண்டைய எப்படி கையாளுறாங்கன்னும் வைஸ்போர்ட் பாக்க சொல்றாரு: அதிகாரத்த காட்டி அமுக்குறது, மெழுகி விடுறது, கண்டுக்காம போறது, பேரம் பேசுறது, நேரா உக்காந்து தீக்கிறது. நம்ம ஊர்ல முதல் மூணும் நல்லா நடக்கும், கடைசி ஒண்ணுக்கு மட்டும் யாருக்கும் நேரம் இருக்காது.

பலன், அதாவது வேலை பாக்குறவங்களுக்கு பதிலுக்கு கெடைக்கிறது. எனக்கு கேட்டா சின்ன தொழில்ல பாதி கோளாறு இந்த கட்டத்துலதான் ஒளிஞ்சுக்கிட்டு இருக்கும், அதனால இதுல கொஞ்சம் நிதானமா உக்காருங்க. எதுக்கு காசு குடுக்கிறீங்களோ அதுதான் நடக்கும், எது வேணும்னு ஆசப்படுறீங்களோ அது இல்ல. பேக்கிங்குக்கு பாக்கெட் கணக்குல கூலி. கணக்குக்கு பாக்கெட்டுக்கு ஒரு ரூபான்னு வச்சுக்கங்க, ஒரு அக்கா ஒரு நாளைக்கு 400 பாக்கெட் போடுறாங்க. விரிசல் விட்டத பொறுக்கி ஓரமா வச்சுட்டு நல்லத மட்டும் போட்டா 350தான் முடியும். அப்ப ஓனருக்கு நல்லது செஞ்சதுக்கு அந்த அக்கா கையிலருந்து தெனமும் 50 ரூபா போகுது. வாரம் ஆறு நாளுக்கு 300. யாராவது செய்வாங்களா? நீங்க செய்வீங்களா? விரிசல் விட்டதும் சேந்து உள்ள போகுது, வேன் குலுங்கல்ல முழுசா உடையுது, கடையில தொறந்து பாக்குறப்ப பழி டிரைவர் தம்பி மேல. அந்த தம்பி எவ்வளவு பதனமா ஓட்டுனாலும் உடைஞ்சுதான் போகும், ஏன்னா அது அவன் கைக்கு வர்றப்பவே விரிசல் விட்டது.

இங்கயும் சொல்றது நடக்குறது ரெண்டையும் பாக்கணும். ஓனர் சொல்றாரு, "தீபாவளிக்கு எல்லாருக்கும் போனஸு, சேலை, ஸ்வீட் பாக்ஸ், நான் என்ன குறை வச்சேன்". அவரு குறை வைக்கலதான். ஆனா பத்து வருசமா பதம் பாக்குற அக்காவுக்கும் போன மாசம் சேந்த பொண்ணுக்கும் ஒரே சேலைன்னா, அந்த அக்காவுக்கு அது மரியாதையா படுமா குறைச்சலா படுமா? பலன்னா காசு மட்டும் இல்ல. ஊருக்குப் போகணும்னா லீவு கேக்கலாமா, புள்ளைக்கு ஃபீஸ் கட்ட அட்வான்ஸ் கெடைக்குமா, எல்லாரும் இருக்கறப்ப திட்டுவாங்களா தனியா கூப்புட்டு சொல்லுவாங்களா, இதெல்லாம் இந்த கட்டத்துலதான் வரும். பல யூனிட்ல ஆளுக நூறு இரநூறு ரூபா கம்மின்னாலும் போகாம நிக்கிறதுக்கு காரணம் இந்த அட்வான்ஸும் மரியாதையும்தான், வேற ஒண்ணும் இல்ல.

கை குடுக்குற ஏற்பாடு. பிளான், பட்ஜெட்டு, ஸ்டாக் நோட்டு, காலையில நின்னுக்கிட்டே பேசுற அஞ்சு நிமிஷ மீட்டிங், செவத்துல மாட்டுன போர்டு, வாட்ஸ்அப் குரூப்பு, வேலைய சேத்து கட்டுற எல்லாம் இதுல வரும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. பாக்கெட் மேல பேட்ச் நம்பரும் தயாரிச்ச தேதியும் போடணும்னு உணவுப் பாதுகாப்பு லேபிள் விதியிலயே இருக்கு, நம்ம யூனிட்லயும் ஸ்டாம்ப் இருக்கு, ஆனா திங்கக்கிழம திருப்பி வச்ச நம்பர் சனிக்கிழம வரைக்கும் அப்படியே இருக்கும். சட்டத்துக்கு பயந்து குத்துற முத்திரையா அது இருக்கே தவிர, ரிட்டர்ன் வந்தா எந்த நாள் சரக்கு, எந்த தட்டுல காஞ்சது, யாரு பதம் பாத்ததுன்னு சொல்ற கருவியா அது இல்ல. அத தெனமும் மாத்துனாலே போதும், பாதி உண்மை வெளிய வந்துரும். மழை நாள்ல உள்ள ஃபேன் போட்டு காய வச்சதா, வெயில்ல ரொம்ப நேரம் விட்டதா, எல்லாம். ஓனர் ஏற்கனவே கணக்கு எழுத டேலி சாஃப்ட்வேர் வாங்கியிருக்காரு, சிசிடிவி மாட்டியிருக்காரு, அதுக்கெல்லாம் செலவு பண்ணவரு ஒரு ரிட்டர்ன் நோட்டுக்கு நாப்பது ரூபா செலவு பண்ணல. புதுசா சாஃப்ட்வேர் வாங்க ஓடாதீங்க, மொதல்ல நோட்டுல மூணு மாசம் எழுதிப் பழகுங்க, எழுதுற பழக்கம் வராத எடத்துல சாஃப்ட்வேரும் வராது.

தலைமை. நடுவுல இருக்குற கட்டம். வைஸ்போர்ட் தன்னோட படத்த ரேடார் திரைன்னு சொல்லுவாரு, மத்த கட்டங்கள்ல எங்கயாவது புள்ளி மின்னுதான்னு பாத்து சமநிலைய காக்குறது தலைமையோட வேலை. நம்ம ஓனர் அத பாக்குறதில்ல, அவரே உளுந்து வாங்கப் போறாரு, அவரே கல்லாவுல உக்காருறாரு, டிரைவர் வரலன்னா அவரே வேன் ஓட்டுறாரு. உழைக்கலன்னு சொல்ல முடியாது, காலையில அஞ்சு மணிக்கு வர்ற மனுசன். ஆனா ஆறு கட்டத்தையும் யாரு பாக்குறாங்கன்னு கேட்டா, ஒருத்தரும் இல்ல. உங்களுக்கு ஒரு சின்ன சோதனை: போன வாரம் நீங்க செஞ்ச வேலைய எழுதுங்க, அதுல சம்பளத்துக்கு ஒரு ஆளு செய்யக்கூடியத அடிச்சிருங்க. மிச்சம் என்ன இருக்கோ அதுதான் தலைமை. ஒண்ணுமே மிச்சம் இல்லன்னா பயப்படாதீங்க, வாரத்துல ஒரு மணி நேரத்த அதுக்குன்னு ஒதுக்குங்க, அது போதும் ஆரம்பத்துக்கு.

வெளிய இருக்குற வட்டம். உளுந்து விலை ஏறும் எறங்கும், நம்ம கையில இல்ல. ஐப்பசியில மழையும் முகூர்த்த ஆர்டரும் தீபாவளியும் ஒண்ணா வந்து நிக்கும், காய வைக்க வெயில் இருக்காது, மார்கழியில கல்யாணம் இல்ல, ஆடியில இல்ல. இது வருசா வருசம் நடக்குறது, திடீர்னு வந்த ஆபத்து மாதிரி பேசக் கூடாது, பஞ்சாங்கத்துலயே இருக்கு. இன்னொண்ணு கடன். மாசி வீதி மொத்த வியாபாரி இழுத்தடிச்சுத்தான் குடுப்பாரு. உதயம்னு கவர்மென்ட்டுல சிறுதொழிலுக்கு பண்ற பதிவு இருக்குற சின்ன உற்பத்தியாளருக்கு எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள்ல, ஒப்பந்தம் இல்லாட்டி 15 நாள்ல காச குடுக்கணும்னு எம்எஸ்எம்இ சட்டத்துல, அதாவது சிறு குறு தொழில் சட்டத்துல, இருக்கு. சட்டத்த தெரிஞ்சு வச்சுக்கங்க, ஆனா எடுத்த எடுப்புல அத தூக்கிக் காட்டுனா காசு வரும், அடுத்த ஆர்டர் வராது, அதையும் சேத்து யோசிங்க. இந்த வட்டத்துல கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான்: வெளிய மாறுனதுக்கு உள்ள எந்த கட்டம் இன்னும் மாறாம பழசாவே இருக்கு?

மூணாவது வேலை: எதுல கை வைக்கிறது

சார்ட் பேப்பர்ல கட்டங்கள போட்டு ஒவ்வொண்ணுலயும் சொல்றத ஒரு கலர்ல, நடக்குறத இன்னொரு கலர்ல எழுதுங்க. எழுதி முடிச்சதும் ஓனருக்கு ஒரு வேகம் வரும், எல்லாத்தையும் நாளைக்கே மாத்திருவோம்னு. வேணாம். ஒரு கட்டத்துல இருந்து இன்னொரு கட்டத்துக்கு அம்புக்குறி போடுங்க, எது எத இழுக்குதுன்னு. நம்ம யூனிட்ல போட்டா இப்படி வருது: ஓனர் எண்ணிக்கைய மட்டும் கேக்குறாரு, அதனால கூலியும் எண்ணிக்கைக்கு மட்டும் குடுக்குறாரு, அதனால விரிசல் உள்ள போகுது, பேட்ச் நம்பர் மாறாததால யாருக்கும் அது தெரியல, தெரியாததால டிரைவர திட்டுறாங்க. அம்புக்குறி அதிகமா கெளம்புறது பலன்லருந்து, ஆனா மொதல்ல செய்ய சுலபமானது ஏற்பாட்டு கட்டம். எனக்குத் தோணுறது, சுலபமானத மொதல்ல செய்யணும், ஏன்னா கூலிய மாத்துறதுக்கு முன்னாடி உங்ககிட்ட கணக்கு இருக்கணும், கணக்கு இல்லாம கூலியில கை வச்சா சண்டைதான் மிச்சம்.

அதனால முதல் மாசம்: பேட்ச் நம்பர தெனமும் மாத்துறது, ரிட்டர்ன் நோட்டுல எந்த பேட்ச், எந்த கடை, எத்தன அப்பளம் உடைஞ்சதுன்னு எழுதுறது. வேற எதையும் தொடாதீங்க, டிரைவரையும். ரெண்டாவது மாசம்: பொறுக்கி எடுக்குற வேலைய பேக்கிங்கிலருந்து பிரிச்சு, ஒருத்தருக்கு நாள் கூலி குடுத்து அத மட்டும் செய்ய சொல்றது, வாரத்துக்கு ஒருத்தரா மாத்திக்கலாம். அதுக்கு ஆகுற கூலியையும் ரிட்டர்ன் கொறஞ்சதையும் பக்கத்துல பக்கத்துல எழுதுங்க, கட்டுதா கட்டலையான்னு நோட்டே சொல்லும், கட்டலன்னா நிறுத்திட்டு வேற யோசிக்கலாம். அதே நேரத்துல, 'பாக்கெட் போடலாம்'னு சொல்றது சீனியர் அக்கா மட்டும்தான், மச்சான் ஆர்டர அக்காகிட்டதான் குடுக்கணும்னு ஓனர் ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வச்சு சொல்லணும். ஒண்ணா உக்கார வைக்கிறது முக்கியம். மச்சான்கிட்ட தனியா ஒண்ணு, அக்காகிட்ட தனியா ஒண்ணு சொன்னீங்கன்னா பழைய குருடி கதவ தெறடிதான்.

ஆளுக மொரண்டு பிடிப்பாங்களா? பிடிப்பாங்க. நோட்டுல எழுத ஆரம்பிச்ச ஒடனே 'கூலிய புடிக்கப் போறாரு'ன்னு பேச்சு கெளம்பும், அதுவும் பேட்ச வச்சு ஆள கண்டுபிடிக்கிறதுன்னா சொல்லவே வேணாம். மொத நாளே எல்லாரையும் நிக்க வச்சு, இந்த நோட்ட வச்சு யாரு கூலியிலயும் ஒரு பைசா பிடிக்க மாட்டேன்னு ஓனர் வாயாலயே சொல்லணும், சொன்னபடி நிக்கணும். ஒரு தடவ பிடிச்சீங்கன்னா அதுக்கப்புறம் அந்த நோட்டுல பொய்தான் எழுதுவாங்க. மச்சான் மொரண்டு வேற விதம், "என்னைய நம்பலையா"ன்னு ஆரம்பிப்பாரு, வீட்டு வரைக்கும் போகும், அதுக்கு மாடல்ல பதில் இல்ல, சம்சாரத்துகிட்ட முன்கூட்டியே பேசி வச்சுக்கங்க.

இதுக்கு வெளி ஆளு வேணுமான்னா மொத ரவுண்டுக்கு தேவையில்ல. ஓனரே செஞ்சா தலைமை கட்டத்துல மட்டும் உண்மை வராது, அந்த ஒரு கட்டத்த நம்பிக்கையான வேற தொழில் பண்ற நண்பர்கிட்ட குடுத்து கேக்க சொல்லலாம், ரெண்டு பேரும் மாத்தி மாத்தி செஞ்சுக்கலாம், அவரு கடைய நீங்க, உங்க கடைய அவரு. மதுரை சிறுதொழில்காரங்களோட மடீட்சியா மாதிரி சங்கத்துல இருக்குறவங்களுக்கு அப்படி ஆள் கெடைக்கிறது சுலபம். ஒரே சரக்கு விக்கிற ஆளா மட்டும் இருக்க வேணாம், காரணம் சொல்லணுமா என்ன.

அடுத்த ரவுண்டுக்கு ஆடி மாசம் தோதான நேரம், கல்யாண ஆர்டர் இருக்காது, ஆளுகளுக்கும் பேச நேரம் இருக்கும். பழைய சார்ட்ட கிழிக்காதீங்க, அது மேலயே மூணாவது கலர்ல எழுதுங்க, ரிட்டர்ன் கொறஞ்சிருந்தா அந்த சரக்க விட்டுட்டு அடுத்தத பிடிங்க, கொறையலன்னா அம்புக்குறிய தப்பான எடத்துலருந்து போட்டிருக்கீங்கன்னு அர்த்தம், பலன் கட்டத்துலருந்து மறுபடி கேக்க ஆரம்பிங்க.